பாலமும் படியும்

மட்டக்களப்பு நாட்டுக்கு இரண்டு கரைகள் உண்டு. கதிரவன் எழுகின்ற பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. அவன் படுகின்ற பக்கத்தில், வாவிக்கு அப்பால் வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்வது படுவான்கரை. இடையிலே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. பெரிய மருத்துவமனையும் நீதிமன்றமும் சந்தையும் பட்டினப் பக்கத்தில். நெல்லும் பாலும் தேனும் படுவான்கரையில். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்கும் மண்டூர் முருகன் சந்நிதிக்கும் எழுவான்கரை மக்கள் நீரைக் கடந்தே சென்றனர். ஒரு கரையின் தேவை மறுகரையில் இருந்தமையால், நீரைக் கடப்பது இந்நாட்டு மக்களின் அன்றாடக் கருமங்களுள் ஒன்றாயிற்று.

மண்முனைத் துறையிலும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் தட்டையான பெரிய மிதவைகள் நெடுங்காலம் மக்களைச் சுமந்து திரிந்தன. அம்மிதவைக்கு இவ்வட்டார மக்கள் இட்ட பெயர் ‘பாதை’ என்பதாகும். நீரின்மேல் மிதப்பதைப் பாதை என்று அழைத்தமை பொருள் நிறைந்த வழக்கு. நடந்து செல்ல நிலம் இல்லாத இடத்தில் மனிதர் கூடித் தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டனர் என்பதே அப்பெயரின் கருத்து. பின்னர் 2014ஆம் ஆண்டில் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே கல்லடியில், பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலத்தின் அருகே அகன்ற புதிய பாலமொன்று திறக்கப்பட்டிருந்தது.

பாலம் வருவதற்கு முன்னர், பிள்ளைப்பேற்று வேதனையோடு ஒரு பெண் இரவு வேளையிலே படுவான்கரைத் துறையிற் காத்திருக்க நேர்ந்தால், ஊரார் என்ன சொல்லியிருப்பர்? “இவளுக்கு நீந்தத் தெரியவில்லை, இது இவளுடைய குறை” என்று எவரும் சொல்லார். “பாலம் இல்லை” என்றே சொல்வர். குறை வழியிலே இருக்கிறது, வழியை அமைப்பது அரசின் கடமை, அதைக் கேட்பது மக்களின் உரிமை என்ற எண்ணம் எவரும் கற்பிக்காமலே எல்லோர் உள்ளத்திலும் இருந்தது.

இனி, அதே பாலத்தைக் கடந்து பட்டினத்துக்கு வருகின்ற இன்னொருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். 56 கிலோமீற்றர் வாவி அவரைத் தடுக்கவில்லை. அலுவலகம் ஒன்றின் வாயிலில் உள்ள மூன்று படிகள் தடுத்துவிடுகின்றன. இங்கே மட்டும் உலகத்தார் பேச்சு மாறிவிடுகிறது. “பாவம், இவரால் ஏற முடியவில்லை” என்கின்றனர். வாவிக்கரையில் வழியிற் கண்ட குறையை வாயிற்படியில் மனிதனிடம் காண்கின்றனர்.

இந்தக் கணக்குப் பிழையைத் திருத்த எழுந்ததே இயலாமை பற்றிய சமூக நோக்கு எனப்படும் கருத்து. குறைபாடு என்பதும் இயலாமை என்பதும் வெவ்வேறு என்பது அதன் அடிப்படை. கால் செயலிழத்தல், கண் பார்வையிழத்தல், செவி கேளாதிருத்தல் ஆகியவை குறைபாடுகள். அவை உடலைச் சார்ந்தவை. அக்குறைபாடு உடையவர் பள்ளிக்குச் செல்ல இயலாமை, வேலை பெற இயலாமை, வாக்களிக்க இயலாமை என்பன சமுதாயத்தின் ஏற்பாடுகளால் விளைபவை. படியை அமைத்தவனும், படிவத்தை அச்சிட்டவனும், பேருந்தை வடிவமைத்தவனும், நடக்கின்ற, பார்க்கின்ற, கேட்கின்ற மனிதனை மட்டுமே மனத்திற் கொண்டு செய்தமையால் வந்த வினை அது.

இக்கருத்து பேரறிஞர் மன்றத்தில் முதலிற் பிறக்கவில்லை. குறைபாடுடைய மக்களின் வாழ்க்கையிலே பிறந்தது. பிரித்தானியாவில் இளமை தொட்டு விடுதிகளில் அடைபட்டு வாழ்ந்த போல் ஹன்ட் என்பவர் 1972இல் ஒத்த நிலையினரை ஒன்றுசேர அழைத்தார். அவ்வழைப்பிலிருந்து, உடற்குறைபாடுடையோரை ஒதுக்கிவைத்தலை எதிர்க்கும் ஒன்றியம் உருவாயிற்று. மைக் ஒலிவர் என்ற சமூகவியலாளர் 1983இல் இச்சிந்தனைக்குச் ‘சமூக மாதிரி’ என்று பெயரிட்டார். தென்னாபிரிக்காவில் நிறவெறிக்கு எதிராக நின்று சிறை சென்று, பின் நாடு நீங்கிய விக் ஃபிங்கல்ஸ்ரைன் என்பவரும் அவ்வொன்றியத்தின் முன்னோடிகளுள் ஒருவர்.

அவர் கற்பனையாக ஓர் ஊரைப் படைத்துக் காட்டினார். அவ்வூரில் எல்லோரும் சக்கர நாற்காலியிலேயே வாழ்கின்றனர். ஆகவே கதவுகளும் கூரைகளும் தாழ்வாக அமைந்துள்ளன. எழுந்து நடக்கும் மனிதர் சிலர் அங்கே குடியேறுகின்றனர். கதவு தோறும் அவர்கள் தலை மோதுகிறது, நெற்றி வீங்குகிறது. ஊர் மருத்துவர்கள் கூடி ஆராய்ந்து, தலைக்கவசமும், உடம்பை வளைத்து வைக்கும் பட்டைகளும் வழங்குகின்றனர். வேலை கேட்டுச் சென்றால் “தலை இடிக்கும்” என்று மறுக்கின்றனர். இறுதியில் இவர்களுக்காக உண்டியலும் குலுக்கப்படுகிறது. கதவை உயர்த்தலாம் என்ற எண்ணம் மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

கதை நகைப்பை ஊட்டினாலும், நகைப்பு அடங்கியபின் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. கொடையாளர் ஒருவர் சக்கர நாற்காலி வழங்குகிறார்; மேடையிலே படம் பிடிக்கப்படுகிறது. நாற்காலியைப் பெற்றவரின் வீடு மணல் ஒழுங்கையின் உள்ளே இருக்கிறது. முன்சக்கரங்கள் மணலிற் புதைகின்றன. மழைக்காலத்திற் படுவான்கரைக் களிமண்ணிலும் அதே நிலைதான். சில நாட்களில் நாற்காலி வீட்டு மூலையிற் சேர்ந்துவிடுகிறது. கொடுத்தவர் மனம் நல்ல மனமே. ஆயினும் நாற்காலி மட்டும் வழியாகிவிடாது. ஒழுங்கையும் அதற்கு இசைய வேண்டும்.

ஒவ்வொரு குறைபாட்டுக்கும் எதிரே நிற்கும் தடை வேறு. மருத்துவமனையிற் பெயரை உரக்கக் கூவி அழைத்தால், செவி கேளாதவர் மாலை வரை காத்திருப்பார். இலக்கத்தைப் பலகையிற் காட்டினால் அத்தடை நீங்கும். அச்சிட்ட படிவம் பார்வையற்றவருக்கு வெற்றுத்தாள். பிரெயில் எழுத்தோ, வாசித்துக் காட்டும் ஒரு குரலோ, பேசும் கணினியோ அதனைத் திறந்துவிடும். அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள பிள்ளைக்கு மிகப் பெரிய தடை, “இப்பிள்ளையை இங்கே சேர்க்க முடியாது” என்ற ஒரு வாக்கியம். அதை நீக்கச் சீமெந்தும் கல்லும் வேண்டியதில்லை.

இதனால் மருத்துவம் வேண்டாம் என்று பொருள்கொள்ளலாகாது. செயற்கைக் காலும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் மருந்தும் வேண்டப்படுவனவே. முள்ளந்தண்டு காயமுற்றவரின் வலியை எந்தச் சாய்தளமும் தீர்க்காது. வலியைத் தணிப்பது மருத்துவரின் பணி. வாயிலைத் திறப்பது ஊரின் பணி. முதலாவது முடிந்த பின்னரே இரண்டாவது என்று காத்திருக்க வைத்தலே அநீதி.

மட்டக்களப்பு மாவட்டத்துக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. பல்லாண்டு நீடித்த போரும் அது விட்டுச்சென்ற கண்ணிவெடிகளும், 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் இங்கே பலரது உடலில் வடுக்களை விட்டன. இலங்கை முழுவதிலும், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய 16 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், ஏதேனும் ஓர் இயலாமையுடன் வாழ்ந்தனர். பன்னிரண்டு பேர் அமர்ந்துள்ள ஒரு திண்ணையில் ஒருவர் என்று கொள்ளலாம். மற்றைய பதினொருவரும் முதுமை எய்தும்போது, அவர்களிற் பலர் இவ்வொருவரின் பக்கம் வந்து சேர்வர்.

ஆழிப்பேரலை கற்பித்த பாடம் கொடியது. நாவலடி போன்ற ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிடரில் இருந்தவை. அங்கே ஓட வல்லவர்க்கே உயிர் தப்புதல் அரிதாயிற்று. காலி மாவட்டத்தில் இயலாமையுடையோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் அன்று மாண்டனர். அபாய அறிவிப்பு ஒலிபெருக்கியில் மட்டும் வந்தால் செவி கேளாதவருக்கு அது வந்ததாகாது. அடைக்கல நிலையம் மாடியில் மட்டும் இருந்தால் நடக்க முடியாதவருக்கு அஃது அடைக்கலமாகாது. எந்த வீட்டிலே எவரைத் தூக்கிச் செல்ல வேண்டும், தூக்குபவர் யார் என்பது அலை வருமுன் ஊரிலே எழுதி வைக்கப்பட வேண்டிய செய்தி. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட இயலாமையுடையோர் உரிமைச் சமவாயத்தின் பதினோராம் உறுப்புரை, பேரிடர்க் காலப் பாதுகாப்பை அரசின் கடமையாகவே வகுத்துள்ளது. இலங்கை அச்சமவாயத்தில் 2007இல் ஒப்பமிட்டு, 2016இல் அதனை ஏற்று உறுதிசெய்தது.

நாட்டின் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை, இயலாமையுடையோரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பேற்பாடு செய்ய இடமளிக்கிறது. அரசாங்க வேலைவாய்ப்பில் நூற்றுக்கு மூன்றை அவர்களுக்கு ஒதுக்குமாறு 1988இலேயே சுற்றறிக்கை வெளிவந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கும் கல்விக்கும் சேர்க்கும்போது இயலாமையைக் காரணமாக்கி ஒருவரை ஒதுக்குதல் ஆகாது என்றும், பொதுமக்கள் செல்லும் இடத்துக்குச் செல்வதை அதே காரணத்தாற் கட்டுப்படுத்துதல் ஆகாது என்றும் விதித்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவர் தம் மாகாணத்து மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 2003இல் தேசியக் கொள்கையும், 2006இல் பொதுக் கட்டடங்களை எவரும் அணுகத்தக்கனவாக அமைத்தற்கான ஒழுங்குவிதிகளும் வந்தன. பழைய கட்டடங்களைத் திருத்த மூன்றாண்டுக் கெடு கொடுக்கப்பட்டுப் பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. 2011இல் உயர் நீதிமன்றம், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளைப் பின்பற்றியே தீரவேண்டும் எனக் கட்டளையிட்டது. அதே ஆண்டு, இயலாமையுடைய வாக்காளர் தாம் நம்பும் ஒருவரைத் துணைக்கொண்டு வாக்களிக்கச் சட்டம் வழிசெய்தது. 2024இல் சுகத் வசந்த த சில்வா, பார்வையிழந்தோருள் முதல்வராக நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்திருந்தும் பல வாயில்களிற் படி அப்படியே இருப்பது ஏன்? சட்டம் கொழும்பிலே பிறக்கிறது. படி ஊரிலே கட்டப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம், கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் மேசை. அங்கே வரைபடம் விரிக்கப்படும்போது “சாய்தளம் எங்கே?” என்று ஒரு கேள்வி எழுந்தாற் போதும்.

அதன் கணக்கும் எளியது. ஓரங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது உலகெங்கும் வழங்கும் அளவு. ஆறங்குல உயரமுள்ள மூன்று படிகள் என்றால் மொத்த உயரம் 18 அங்குலம். அதற்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். அத்திவாரம் இடும்போதே திட்டமிட்டால் இது சிறு செலவு. கட்டி முடித்த பின்னர் நினைத்தால் முற்றம் போதாது. மதில் இடிபட வேண்டும். அப்போது இடமில்லை என்று சொல்லி, ஏறமுடியாத செங்குத்துச் சரிவு ஒன்றைப் பெயருக்கு அமைத்துவிடுவர். சக்கர நாற்காலியிற் செல்பவருக்கு அச்சரிவு படியைவிட ஆபத்தானது.

அச்சாய்தளத்தில் அவர் ஒருவரே செல்லப் போவதில்லை. கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாயும், கோலூன்றிய முதியவரும், நெல் மூட்டையை உருட்டி வரும் தொழிலாளியும் அதன் வழியே செல்வர். பழைய மண்முனைப் பாதையிலே வண்டிகள் உருண்டு ஏறுதற்கு வழி இருந்தது. வண்டிக்காரனுக்கு இரங்கி அதனை அமைத்தார்கள் என்று எவரும் சொன்னதில்லை. வண்டியும் ஊரின் தேவை, வண்டிக்காரனும் ஊரவன் என்பதனால் அமைத்தார்கள்.

உரிமை என்ற சொல்லின் பொருளும் அவ்வளவே. பிறர் தோளில் ஏறிப் படியைக் கடப்பவர், தூக்குபவர் வரும் நாளில் மட்டுமே அலுவலகம் செல்லலாம். சென்றபின் நன்றி கூறவும் வேண்டும். சாய்தளத்திற் செல்பவர் தாம் வேண்டிய நாளிற் செல்கிறார். தம் கருமம் முடித்துத் திரும்புகிறார். தாமதம் ஆனால் அதிகாரியிடம் முறையிடவும் செய்கிறார். கையேந்தி வந்தவர் என்ற நிலை நீங்கி, ஏனையோரைப் போல வழக்குரைக்கும் குடிமகனாகிறார்.

மண்முனையிற் பாலம் திறந்த நாளிற் படுவான்கரை மக்கள் பிச்சை பெற்றதாக எண்ணவில்லை. நெடுநாள் வரவேண்டியது வந்தது என்றே எண்ணினர். அகன்ற வாவியின்மேல் பாலம் அமைத்த நாட்டுக்கு, மூன்று படிகளின் அருகே பதினெட்டு அடி நீளத்துக்கு ஒரு சாய்தளம் அமைத்தல் அரிய செயலன்று. வாயிலிற் காத்திருப்பவரைப் பார்க்கும்போது “இவரால் ஏற முடியவில்லை” என்று சொல்வதை விடுத்து, “இங்கே வழி இல்லை” என்று சொல்லப் பழகுதலே அதன் முதல் வேலை.