வெளிநாட்டு கால் சென்டர் வேலை தேடுகிறீர்களா?

"இரண்டு மொழி தெரியும், வெளிநாட்டு கால் சென்டரில் வேலை கிடைக்குமா?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். மலேசியாவை எடுத்துக்கொள்வோம். தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஜப்பானிய மொழி, கொரிய மொழி போன்றவை தெரிந்தவர்களையே வெளியிலிருந்து எடுக்கிறார்கள். எனவே தேடும்போது ‘கஸ்டமர் சர்வீஸ்’ என்பதுடன் அந்த மொழியின் பெயரையும், ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ என்பதையும் சேர்த்து டைப் செய்யவும்.

இந்த அனுமதிக்கு வேலை தரும் நிறுவனமே விண்ணப்பிக்க வேண்டும். "டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அந்த வேலையே வேண்டாம். 2022-ல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன இந்தியர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டவும்.