லினக்ஸில் பிணைய இடைமுகப் பெயரிடல்

பிணைய இடைமுகப் பெயரிடல் என்பது கணினியிலுள்ள ஈதர்நெட் அட்டை, வைஃபை அட்டை போன்ற ஒவ்வொரு பிணைய வன்பொருளுக்கும் இயங்குதளம் ஒரு பெயர் சூட்டும் முறையாகும். லினக்ஸ் கணினிகளில் பல இணைய அமைப்புகள் இப்பெயரைக் கொண்டே எழுதப்படுகின்றன. பெயர் மாறிவிட்டால், அட்டையும் கம்பியும் நன்றாக இருந்தாலும் இணைப்பு கிடைக்காமல் போகலாம். அட்டை பழுதாகிவிட்டது என்று கருதிப் புதியது வாங்குவதற்கு முன், பெயரைச் சரிபார்ப்பது நல்லது.

வரலாறு

தொடக்கத்தில் லினக்ஸ் கருனி, தான் கண்டறியும் வரிசையில் ஈதர்நெட் அட்டைகளுக்கு ஈத்0, ஈத்1 (இ-டி-எச் என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும்) எனப் பெயரிட்டது. இரண்டு அட்டைகள் உள்ள கணினியில் இந்த வரிசை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மாறக்கூடும். இதைத் தவிர்க்க, அட்டையின் மேக் முகவரியையும் பெயரையும் ஒரு கோப்பில் குறித்துவைக்கும் முறை வந்தது. ஆனால் தாய்ப்பலகையை மாற்றினால் மேக் முகவரியும் மாறும். புதிய அட்டை ஈத்1 ஆகிவிடும்.

2013 ஜனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197, அட்டை பொருத்தப்பட்டுள்ள இடத்தைக் கொண்டு பெயரிடும் முறையை அறிமுகப்படுத்தியது. டெபியன் 9 (2017) முதல், புதிதாக நிறுவப்படும் டெபியன் கணினிகளில் இதுவே இயல்பான முறையாகும்.

தமிழ்நாட்டில்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவும் இது மாணவர்களைச் சென்றடைந்தது. அக்கால பாஸ் பதிப்புகளின் அடித்தளம் டெபியன் 9-க்கு முந்தையது. எனவே பழைய மடிக்கணினியில் புதிய லினக்ஸ் பதிப்பை நிறுவும் மாணவர், பழைய குறிப்பேட்டிலுள்ள ஈத்0 கட்டளைகளைக் கொடுத்தால், அப்படி ஒரு சாதனமே இல்லை என்ற பிழைச்செய்தி வரும்.

பெயரின் அமைப்பு

முதல் இரண்டு எழுத்துகள் வகையைக் காட்டும்:
- இ-என்: ஈதர்நெட்
- டபிள்யூ-எல்: வைஃபை
- டபிள்யூ-டபிள்யூ: சிம் வழி இணையம்

அடுத்து வருவது இடத்தைக் காட்டும்:
- ஓ: தாய்ப்பலகையில் உள்ளமைந்த அட்டையின் எண்
- எஸ்: செருகிட எண்
- பி, எஸ்: பிசிஐ பாட்டை எண்ணும் அதிலுள்ள இட எண்ணும்
- எக்ஸ்: மேக் முகவரி

எடுத்துக்காட்டாக, இ-என்-பி-3-எஸ்-0 என்பது மூன்றாம் பாட்டையில் 0 என்ற இடத்திலுள்ள ஈதர்நெட் அட்டை.

பெயர் மாறும் சூழல்கள்

புதிய முறையிலும் பெயர் நிலையானது என்று சொல்லிவிட முடியாது. வரைகலை அட்டையோ என்விஎம்இ சேமிப்பகமோ புதிதாகப் பொருத்தப்பட்டால் பாட்டை எண்கள் நகர்ந்து, பி-3 என்றிருந்தது பி-4 ஆகலாம். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து இணையம் பெறுவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. சில கைப்பேசிகள் இணைப்புக்கான மேக் முகவரியை அவ்வப்போது மாற்றுவதால், அதைக் கொண்டு அமையும் பெயரும் மாறுகிறது.

சிக்கலைக் கண்டறிதல்

முனையத்தில் 'ஐபி லிங்க்' என்ற கட்டளையை இட்டால் எல்லா இடைமுகங்களும் பட்டியலிடப்படும். இதில் 'எல்-ஓ' என்பது கணினி தன்னுடனேயே பேசும் உள் இடைமுகம், அதை விட்டுவிடலாம். மற்றவற்றில் மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும்.

1. ஈதர்நெட் இடைமுகம் பட்டியலிலேயே இல்லை: அட்டைக்குரிய இயக்கி ஏற்றப்படவில்லை, அல்லது வன்பொருள் பழுது. 'எல்எஸ்பிசிஐ' கட்டளையில் அட்டை தெரிந்தால், இயக்கியை முதலில் பார்க்க வேண்டும்.
2. இடைமுகம் உள்ளது, 'நோ-கேரியர்' என்று காட்டுகிறது: கம்பி, துளை, மோடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிப்பதால் இதற்கு வாய்ப்பு அதிகம்.
3. இடைமுகம் வேறு பெயரில் உள்ளது, முகவரி பெறவில்லை: பெரும்பாலும் அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருக்கும். கருனியின் செய்திப் பதிவில் பெயர் மாற்றம் பற்றிய வரி இருக்கும்.

தீர்வுகள்

மிக எளிய வழி, அமைப்புக் கோப்பில் பழைய பெயருக்குப் பதில் புதிய பெயரை எழுதுவது. டெபியன் வகைத் தளங்களில் இது 'இடிசி' அடைவினுள் 'நெட்வொர்க்' அடைவிலுள்ள 'இன்டர்ஃபேசஸ்' கோப்பாக இருக்கலாம். நெட்வொர்க் மேனேஜர் உள்ள மேசைக்கணினிகளில் இணையம் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். ஆனால் பழைய பெயருடன் பிணைத்த நிலையான ஐபி முகவரி செயல்படாது. அதை நம்பியிருக்கும் அச்சுப்பொறிப் பகிர்வு நின்றுவிடும். அந்த இணைப்பின் அமைப்பில் சாதனப் பெயரை மாற்றினால் போதும். தீயரண் விதிகளில் பழைய பெயர் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பெயர் இனி மாறாதிருக்க வேண்டுமானால், சிஸ்டம்டியின் 'லிங்க்' வகைக் கோப்பில் மேக் முகவரியையும் விரும்பிய பெயரையும் குறிக்கலாம். பெயர் 15 எழுத்துகளுக்கு மிகக் கூடாது. ஈத்0 போன்ற பெயர்களைக் கருனியே பயன்படுத்துவதால், மோதலைத் தவிர்க்க 'வீடு0' என்பது போன்ற வேறு பெயரை ஆங்கில எழுத்துகளில் இடுவது நல்லது. மேக் முகவரி மாறும் கைப்பேசிகளுக்கு இவ்வழி உதவாது. அவற்றுக்குச் சாதனப் பெயர் குறிக்கப்படாத இணைப்பே ஏற்றது.

கருனி அளவுருவாக 'நெட்.இஃப்நேம்ஸ்=0' என்று கொடுத்தால் பழைய பெயர்முறை திரும்பும். ஒரே அட்டை உள்ள கணினிக்கு இது போதுமானது. இரண்டு அட்டைகள் இருந்தால் பழைய வரிசைக் குழப்பமும் உடன் திரும்பும்.