வாளிக்குள் ஒரு தோட்டம்

தோட்டஞ் செய்வதற்கு நிலம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கையின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, நிலமற்ற குடும்பங்கள் பலவும் பழைய வாளியிலும் சாக்கிலும் பயிரிடத் தலைப்பட்டன.

அத்தகைய தோட்டத்தைச் சிறுவரிடம் ஒப்படைக்க விரும்புவோர் முதலிற் கருதவேண்டியது அவர்தம் பொறுமையின் அளவை. மிளகாய் காய்க்க ஏறக்குறைய 3 மாதஞ் செல்லும். அதுவரை காத்திருக்கும் பிள்ளை அரிது. முளைக்கீரையோ ஒரு வாரத்துள் முளைத்து, 4 வாரமளவிற் கறிக்கு உதவும். தான் நீரூற்றி வளர்த்த கீரையையும் உண்ண மறுக்கும் பிள்ளைகள் உளர். அவர் தொகை சிறிதே.

கிருமிநாசினி இருந்த கொள்கலன்களை அறவே விலக்கவேண்டும். மேல்மண்ணையும் மக்கிய எருவையும் சம அளவிற் கலந்து, சிறிது தும்புத்தூள் சேர்த்து நிரப்பலாம். அதற்கு முன், வாளியின் அடியிலே துளைகள் இடுதல் இன்றியமையாதது. துளையில்லாவிடின் நீர் தேங்கி வேர் அழுகும். அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. தேங்கிய நீர் டெங்கு நுளம்புக்கு உவப்பானது; முட்டை நுளம்பாவதற்கு 7 முதல் 10 நாட்களே போதும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 180,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர்.

ஆகவே, வாளியின் கீழ் வைக்குந் தட்டை வாரந்தோறும் கவிழ்த்து, நுளம்பு முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடிய உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவும் பணியையும் பிள்ளையிடமே விடலாம். ஞாயிற்றுக்கிழமை என்று நாளைக் குறித்துவிட்டாற் பெரியோர் நினைவூட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் பிள்ளையே பெரியோருக்கு நினைவூட்டும்.