உங்களுக்குத் தெரியுமா? – நீர்க்கட்டி: நாட்காட்டியும் கழுத்தும் சொல்லும் சேதி

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, கடலோரத்தில், அய்யனார் கோயிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உள்ள ஊர் கீழ்புத்துப்பட்டு. அந்தக் கரையோரத்துப் பெண்களுக்கும், அவர்களைப் போல் ‘நீர்க்கட்டி’, ‘பிசிஓடி’ என்ற பேச்சைக் கேட்டுக் கலங்கும் எல்லாருக்கும் இந்த இதழ்த் துணுக்குகள்.

● சினைப்பை ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே இல்லை. மாதம் ஒன்று முதிர்ந்து வெளிவர வேண்டிய கருமுட்டைப் பைகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோய் வரிசையாகத் தங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர்தான். இவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை.

● ‘பாஸ்ட் ஃபுட் காலத்து நோய்’ என்பார்கள். ஆனால் இத்தாலிய மருத்துவர் வல்லிஸ்னேரி இத்தகைய சினைப்பையை 1721-லேயே எழுதிவைத்தார். சிகாகோவின் ஸ்டெய்ன், லெவன்தால் இருவரும் 1935-இல் ஏழு பெண்களை ஆராய்ந்து இதை ஒரு நோயாக அடையாளம் காட்டினார்கள்.

● ஸ்கேன் மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் மிகுதி (முகவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி, தீராத பரு, உச்சந்தலையில் முடி உதிர்வு), ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல் இது. முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவைப்படாது.

● உப்புக்கும் இதற்கும் ஒரு சுற்றுவழி உறவு உண்டு. தைராய்டு கோளாறும் மாதவிடாயைத் தள்ளிப்போடும். அதனால்தான் மருத்துவர் முதலில் தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனை எழுதுகிறார். தைராய்டுக்கு அயோடின் வேண்டும். கடலிலிருந்து எடுத்தது என்பதால் பாத்தியில் வாரிய உப்பில் அது போதுமான அளவு இருக்கும் என்று நினைக்காதீர்கள். அயோடினைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது.

● மகளின் பின்கழுத்தில் கருப்பு படிந்தால், ‘ஒழுங்காகத் தேய்த்துக் குளி’ என்று பயத்தமாவும் பீர்க்கங்கூடுமாக அம்மா கிளம்பிவிடுவார். தோல் சிவந்து எரியுமே தவிர கருப்பு போகாது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கருப்பது, இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம். தேய்ப்பதை விட்டுவிட்டுச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

● இன்சுலின் இங்கே எப்படி வந்தது? உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. அதனால் முட்டை முதிர்வது தடைபடுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. பருவும் முடியும் மாதக் கணக்கும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

● வயதுக்கு வந்த முதல் வருடம் தேதி முன்பின்னாவது இயல்பு. ஒன்று முதல் மூன்று வருடம் வரை 45 நாளுக்கு மேலும், அதன் பிறகு 35 நாளுக்கு மேலும் இடைவெளி தொடர்ந்தால் காட்ட வேண்டும். வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகும்வரை நீர்க்கட்டியைத் தேடி ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்கிறது 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் நல்ல ஆரோக்கியமான சினைப்பையும் அப்படித்தான் தெரியும்.

● இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பல மாநில ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. பழைய கடுமையான அளவுகோலில் 7.2 சதவீதப் பெண்களுக்கும், ராட்டர்டாம் அளவுகோலில் 19.6 சதவீதப் பெண்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. உலக அளவில் பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இது இருப்பதையே அறியாதவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

● ஒல்லியான பெண்ணுக்கும் வரும். எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. 80 கிலோ என்றால் அது 4 கிலோ. இதற்கென்று தனிப் பத்தியம் எதுவும் மற்றதைவிட மேல் என்று நிரூபிக்கப்படவில்லை. சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் மத்தி மீனும் கூட்டினால் போதும். வெயிலில் உப்பு வாரிக் கூடை சுமக்கும் பெண்ணிடம் ‘நடைப்பயிற்சி செய்’ என்பதில் அர்த்தமில்லை. அவருக்கு வேண்டியது தட்டில் மாற்றமும் போதிய தூக்கமும். உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு வாரம் 150 நிமிடம் வேக நடை.

● ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்பது வெறும் பேச்சு. ‘குழந்தையே பிறக்காது’ என்பதும் அப்படியே. கருமுட்டை வெளிவர முதலில் தரும் மருந்து லெட்ரோசோல். 750 பெண்களிடம் நடந்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பழைய மருந்தில் 19.1 சதவீதமாக இருந்த குழந்தைப்பேறு இதில் 27.5 சதவீதமானது. குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இதைத் தருவதை இந்தியா 2011-இல் தடை செய்து, 2017-இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது.

● நீர்க்கட்டி உள்ளவர் கருவுற்றால் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு வாய்ப்பு அதிகம். இதில் நாட்டுக்கே வழிகாட்டியவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது அவர் பரப்பிய முறை. 140-ஐத் தொட்டால் சர்க்கரை. வெறும் வயிற்றோடு விடியலில் பேருந்து ஏற வேண்டியதில்லை என்பதால் கிராமத்துப் பெண்ணுக்குப் பெரிய உதவி. அவர் பிறந்த மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

● ‘வராவிட்டால் நிம்மதிதானே’ என்று மாதக்கணக்கில் விடாதீர்கள். 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராமல் இருந்தால் கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடும். வரவைக்கும் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கவும் கூடாது. முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும்.

● மருத்துவமனைக்குப் போகும்போது கடைசி ஆறு மாதத் தேதிகளைத் தினசரிக் காலண்டரில் வட்டமிட்டு எடுத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடலாம். மேல்சிகிச்சை வேண்டுமானால் கீழ்புத்துப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது.