91, 95, 100: உங்கள் காருக்கு எந்த பெட்ரோல்?

இந்தியாவின் பெரிய நகரங்களில் சில பங்க்குகளில் ஒரே கூரையின் கீழ் மூன்று வகை பெட்ரோல் கிடைக்கிறது. பல்லாண்டுகளாக நாம் போட்டுவந்த சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். அதற்கு மேலே 95. அதற்கும் மேலே இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகம் செய்த எக்ஸ்பி 100. 2025 நிலவரப்படி சென்னையில் சாதாரண பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைச் சற்றுத் தாண்டியிருந்தது. 95-க்கு அதைவிட ஏழெட்டு ரூபாய் கூடுதல். 100 ஆக்டேனின் விலையோ ஏறத்தாழ 160 ரூபாய்.

புதிதாக டர்போ கார் வாங்கியவர் இந்த மூன்றுக்கும் முன்னால் நின்று குழம்புவது இயல்பு. விலை கூடினால் வேகமும் கூடும் என்று நம்பி, தேவையில்லாத காருக்கு 100 ஆக்டேன் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 98 கேட்கும் காரை அரைக் கோடி ரூபாய்க்கு வாங்கிவிட்டு, பெட்ரோலில் மிச்சம் பிடிக்க 91 ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலாமவருக்குப் பணம்தான் போகிறது. இரண்டாமவருக்கு இன்ஜினே போகலாம்.

முதலில் ஆக்டேன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஒழுங்காக ஓடும் இன்ஜினில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. அந்தப் பொறியிலிருந்து தீ படிப்படியாகப் பரவுகிறது. பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய கணத்தில் அழுத்தம் உச்சத்துக்கு வந்து, அதை ஓங்கித் தள்ளுகிறது. சிக்கல் எல்லாம் தீ இன்னும் போய்ச் சேராத மூலையில்தான். அங்கே இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை, ஒரு பக்கம் பிஸ்டனாலும் மறுபக்கம் எரிந்து விரியும் வாயுவாலும் நசுக்கப்பட்டுச் சூடேறிக்கொண்டே போகிறது. சருகுக் குவியலின் ஒரு முனையில் வைத்த தீ வந்து சேருமுன் மறுமுனை வெக்கையிலேயே பற்றிக்கொள்வது போல, அந்த மூலைக் கலவை தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங்.

டிக் டிக்கென்று கேட்கும் அந்த உலோகச் சத்தம், சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் சுவரில் மோதும் சத்தம். பிஸ்டனின் தலையைத் தீயின் வெப்பத்திலிருந்து காப்பது அதன்மேல் ஒட்டிக் கிடக்கும் ஒரு மெல்லிய வாயுப் படலம். நாக்கிங் அலைகள் அதைக் கிழித்துவிடுகின்றன. எப்போதாவது லேசாகத் தட்டினால் பெரிய கேடு இல்லை. அதிக அழுத்தத்தில் ஓடும் டர்போ இன்ஜினில் அது தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் அமரும் விளிம்பு உடையும், பிஸ்டனில் ஓட்டையே விழும்.

இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் ஆக்டேன் எண். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இதற்கு அளவுகோல் வகுத்தார். எளிதில் தட்டாத ஐசோ-ஆக்டேனுக்கு 100, உடனே தட்டிவிடும் நார்மல் ஹெப்டேனுக்கு 0. சோதனை இன்ஜினில் ஒரு பெட்ரோல் 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல நடந்துகொண்டால் அது 91 ஆக்டேன். அந்த பெட்ரோலில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் 91-இலும் 100-இலும் உள்ள வெப்ப ஆற்றலில் பெரிய வேறுபாடு கிடையாது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது. ஆனால் லிட்டருக்கு அது தரும் ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

அப்படியானால் பந்தய வண்டிகளும் பெரிய டர்போ கார்களும் ஏன் கூடுதல் ஆக்டேன் கேட்கின்றன? 1940-இல் பிரிட்டிஷ் விமானப் படையில் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களின் மெர்லின் இன்ஜின் அதுவரை 87 ஆக்டேனில் பறந்தது. காற்றை அடைத்து ஊட்டும் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. 100 ஆக்டேன் வந்ததும் அதே இன்ஜினில் அழுத்தத்தை 12 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். தாழ்வான உயரத்தில் விமானத்தின் வேகம் கணிசமாகக் கூடியது. கூடுதல் காற்றை அடைத்து, அதற்கேற்ற கூடுதல் பெட்ரோலை எரித்தபோதும் இன்ஜின் தட்டாமல் இருக்க அந்த எரிபொருள் இடம் கொடுத்தது. சக்தி வந்தது அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டதால்தான். அழுத்தத்தை ஏற்றாமல் 100 ஆக்டேனை மட்டும் ஊற்றியிருந்தால் ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது.

இன்றைய காரிலும் கணக்கு அதேதான். கம்ப்ரஷன் விகிதம் உயர உயர, டர்போ அழுத்தம் ஏற ஏற, மூலைக் கலவை சூடாகிறது, ஆக்டேன் தேவையும் ஏறுகிறது. இப்போதைய இன்ஜின்களின் பக்கவாட்டில் நாக் சென்சார் என்ற சிறு கருவி இருக்கிறது. தட்டும் அதிர்வை அது உணர்ந்ததும் இன்ஜினின் கணினியான இ.சி.யூ. பொறி வைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, சில கார்களில் டர்போ அழுத்தத்தையும் குறைக்கிறது. இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், பிக்கப்பும் மைலேஜும் அடிவாங்கும். 95-க்கென்று வடிவமைத்த காருக்கு 91 ஊற்றினால் கார் மந்தமாக உணர்வது இதனால்தான். அதே காருக்கு 95 ஊற்றினால் இ.சி.யூ. பொறி நேரத்தை மறுபடி முன்னுக்குக் கொண்டுவருகிறது. 91-க்காகவே வடிவமைத்த சாதாரண குடும்பக் காரில் இப்படி மீட்டெடுக்க ஒன்றும் இல்லை. அதற்கு 100 ஆக்டேன் ஊற்றுவது வீண்செலவு. இதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை.

கூடுதல் ஆக்டேனால் எவ்வளவுதான் கிடைக்கும்? அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017-இல் இதைச் சோதித்தது. உயர் ஆக்டேன் "பரிந்துரைக்கப்படுகிறது" என்று தயாரிப்பாளர் எழுதியிருந்த கார்களில் சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின. நம் விலையில் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் பெட்ரோலில் 2.7 சதவீதம் என்றால் லிட்டருக்கு இரண்டே முக்கால் ரூபாய் மிச்சம். 95-க்குக் கொடுக்கும் கூடுதல் விலை ஏழெட்டு ரூபாய். மைலேஜில் காசை எடுத்துவிடலாம் என்ற எண்ணம் பலிக்காது. பிக்கப்புக்காகவும் இன்ஜினின் பாதுகாப்புக்காகவும்தான் நாம் அந்தப் பணத்தைக் கொடுக்கிறோம்.

பாதுகாப்பு என்று சொல்லும்போது நம் வெயிலை மறக்கக் கூடாது. கத்திரி வெயிலில் 40 டிகிரி. சிக்னலில் பத்து நிமிடம் நின்ற டர்போ காரில், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே கொதித்துப்போயிருக்கும். விளக்கு பச்சையானதும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், சூடான காற்று, உச்ச டர்போ அழுத்தம், அதிகச் சுமை மூன்றும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. ஐரோப்பியக் குளிரில் 95 போதும் என்ற காருக்கும் இந்த நிலையில் சிறிது கூடுதல் ஆக்டேன் கைகொடுக்கும். ஊட்டி போன்ற உயரத்தில் காற்றே மெலிதாகிவிடுவதால், டர்போ இல்லாத இன்ஜினின் ஆக்டேன் தேவை குறைகிறது.

இனி எண்களில் நேரும் ஒரு குழப்பம். இதனால் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா எல்லாம் ஆர்.ஓ.என். என்ற அளவைப் பயன்படுத்துகின்றன. சோதனை இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி அளப்பது அது. 900 சுற்றில், சூடேற்றிய கலவையோடு அளப்பது எம்.ஓ.என். அதில் அதே பெட்ரோலுக்குக் குறைந்த எண்தான் வரும். அமெரிக்க பங்க்குகளில் எழுதியிருப்பது இந்த இரண்டின் சராசரி. ஆகவே அமெரிக்காவின் 87 நம் 91-க்குப் பக்கத்தில் வரும், அவர்களின் 91 நம் 95-ஐ ஒட்டியது, அவர்களின் 93 நம் 98 அளவு. ஒரு அமெரிக்க யூடியூபர் "இந்தக் காருக்கு 91 போதும்" என்றால், நம் பங்க்கில் அதற்கு 95 வேண்டும் என்று பொருள். ஜப்பானின் உயர் ஆக்டேன் பெட்ரோல் கிட்டத்தட்ட 100 ஆர்.ஓ.என். அதற்கென்றே டியூன் செய்து அந்த நாட்டுக்குள் விற்ற டர்போ கார்கள் மறுவிற்பனையாகி இலங்கைக்குப் போகின்றன. அங்கே பங்க்கில் கிடைப்பது 92-உம் 95-உம். அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் 95-க்குக் கீழே இறங்கவே கூடாது. 95 போட்டாலும் முழு மிதியைத் தவிர்ப்பது நல்லது.

பிரீமியம் என்ற பெயரில் வருவதெல்லாம் கூடுதல் ஆக்டேன் என்றும் நினைக்க வேண்டாம். சில வகைகள் அதே 91-இல் கழுவும் சேர்மானங்களைக் கூட்டி விற்கப்பட்டவை. அந்தச் சேர்மானங்கள் இன்ஜெக்டர் துளைகளைச் சுத்தமாக வைக்கும். வால்வின் பின்புறத்தையும் கழுவும் என்பது, பெட்ரோல் வால்வின் மேல் தெளிக்கப்படும் பழைய முறை இன்ஜின்களுக்குத்தான் பொருந்தும். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. பம்ப்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். கடைகளில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களிலும் இதே கவனம் தேவை. "30 பாயின்ட் கூடும்" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது மூன்று எண்தான். 91 என்பது 94 ஆகும், அவ்வளவே.

எத்தனால் பற்றிய கவலைக்கும் ஒரு வார்த்தை. 2025-இல் நாடு பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. ஆக்டேனுக்கு எத்தனால் நல்லது, மைலேஜுக்கு அல்ல. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. ரப்பர் குழாய்களும் சீல்களும் எத்தனாலைத் தாங்குமா என்ற கேள்வி பழைய இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உண்டு. எத்தனால் கலக்காத பெட்ரோல் என்பதால் எக்ஸ்பி 100 அத்தகைய கார்களுக்குப் பொருத்தமானது.

ஆக்டேன் தீர்க்காத நோயும் ஒன்று உண்டு. சிறிய டர்போ நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், குறைந்த சுற்றில் அதிகச் சுமை கொடுக்கும்போது, பொறி வைப்பதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். சிலிண்டருக்குள் சிதறும் எண்ணெய்த் துளிகளுக்கு இதில் பங்கு உண்டு. இதற்கு மருந்து ஏ.பி.ஐ. எஸ்.பி. தர இன்ஜின் ஆயிலும் சரியான கியரும்தான். ஐந்தாம் கியரில் 1,500 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஓங்கி மிதிக்காதீர்கள், ஒரு கியர் குறையுங்கள்.

ஆகவே பெட்ரோல் போடும் மூடியைத் திறந்து உள்ளே ஒட்டியிருப்பதைப் படியுங்கள், கையேட்டையும் பாருங்கள். "குறைந்தபட்சம் 95" என்றிருந்தால் அதில் பேரம் வேண்டாம். "95 பரிந்துரை, 91 போதும்" என்றிருந்தால் கோடையிலும் நெடுஞ்சாலைப் பயணத்திலும் 95 போடுங்கள், ஊருக்குள் மெதுவாக ஓட்டும் நாட்களில் 91 போதும். 98 கேட்கும் காருக்கு மூன்று பங்கு 100-உம் இரண்டு பங்கு 95-உம் கலந்தால் ஏறத்தாழ 98 வரும். லிட்டர் 140 ரூபாய்க்குள் அடங்கும். 95 கிடைக்கும் ஊரில் 91-ஐயும் 100-ஐயும் கலந்து 94 ஆக்குவது நட்டம், அதற்கு லிட்டர் 120 ரூபாய் ஆகிவிடும். வழியில் 91 மட்டுமே கிடைக்கிறதென்றால் பதற்றம் வேண்டாம். அடுத்த ஊர் வரைக்கும் தேவையான அளவு மட்டும் போட்டு, மிதியை அடக்கி ஓட்டுங்கள். பிறகு நல்ல பெட்ரோலால் டேங்கை நிரப்புங்கள்.

பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்குகிறவர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். இ.சி.யூ.வின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்திருக்கிறார்களா, எந்த ஆக்டேனுக்குச் செய்தார்கள் என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். 100 ஆக்டேனுக்கு ரீமேப் செய்த இன்ஜினுக்கு மூடியில் ஒட்டியிருக்கும் எண் இனி பொருந்தாது.