உள்ளிருந்தும் உதவாத வித்தை

மடிக்கணினி வாங்குவோர் விலையையும் திரையின் அளவையும் விசாரிப்பர். வீடியோவை விரித்துக் காட்டும் ஆற்றல் அதன் சிப்பில் திறந்திருக்கிறதா என்று வினவுவோரை நாம் கண்டதில்லை.

வீடியோவை உள்ளவாறே அனுப்பினால் எந்த இணைப்பும் தாங்காது. மேடையில் ஒருவர் பேசுகையில், பின்னாலுள்ள திரைச்சீலையை நொடிக்கு 25 முறை வரையவேண்டுவதில்லை அன்றோ? மாறியதை மட்டும் குறித்துச் சுருக்குகின்றனர். சுருக்கி விரிக்கும் இம்முறைக்குக் 'கோடெக்' என்று பெயர். 2003 இல் வந்த எச்.264 இனும் 2013 இல் வந்த எச்.265, ஏறக்குறையப் பாதி அளவிலேயே அதே தெளிவைத் தரவல்லது. ஐபோன்களில் 2017 முதல் பெரும்பாலும் இம்முறையிலேயே வீடியோ பதிவாகிறது. விரிக்கும் வேலைக்கெனச் சிப்பிலே தனிச்சுற்று உண்டு. அது வாளாவிருக்கப் பொதுச் செயலியே அவ்வேலையைச் செய்ய நேரின், கணினி சூடேறும். மின்கலம் விரைவில் இறங்கும்.

நிற்க. இம்முறையின் ஆக்கவுரிமைகள் பல கம்பனிகளின் கையில் உள்ளன. முந்திய முறைக்குப் பெரும்பாலும் ஒரு வாசலிற் கட்டணம் செலுத்தினாற் போதும். இதற்கோ வாசல்கள் பல. அவற்றுள் ஒன்றான அக்சஸ் அட்வான்ஸ், அமெரிக்காவில் ஒரு கருவிக்கு 20 சதமாக இருந்த கட்டணத்தை 2026 ஜனவரியில் 24 சதமாக்குவதாகச் செய்திகள் வந்தன.

எச்.பி. கம்பனி 2024 இல் 600, 400 வரிசை ஜி11, 200 வரிசை ஜி9 மடிக்கணினிகளில் இவ்வசதியை முடக்கியதாகத் தானே கூறியது. டெல் கம்பனியும் தன் சாதாரண மாதிரிகள் பலவற்றில் இதனை அளிப்பதில்லை. தேவையுடையோர் தனி மென்பொருள் வாங்கலாம் என்பது இருவரதும் யோசனை. கட்டணமே காரணம் என்பது பலரது ஊகம்.

ஆய்வாளரின் உழைப்புக்குக் கூலி கேட்பதை நாம் குறைகூறோம். ஆனால் சிப்பின் விலையைக் கொடுத்தவரிடம் அது பூட்டியிருப்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டாமா? எச்.பி.யின் விவரத்தாளில் இது குறிக்கப்பட்டிருந்தது உண்மையே. அந்த நெடுந்தாளைப் படித்துவிட்டுக் கடைக்குச் செல்லும் குடும்பம் எத்தனை?

2018 இல் வெளிவந்த ஏவி1, கட்டணமின்றி வழங்கவென்றே கூகிள், நெட்பிளிக்ஸ் முதலியோர் கூடிச் சமைத்தது. இன்டெல் 2020 முதல் தன் சிப்புகளில் அதை விரிக்கும் சுற்றைச் சேர்த்து வருகிறது. எனினும் கைத்தொலைபேசியிற் சேர்ந்துள்ள பழைய எச்.265 வீடியோக்களுக்கு அது உதவாது.

மேற்கூறியவை பெரும்பாலும் அலுவலக மாதிரிகள். இத்தகைய கணினிகளே சில ஆண்டுகளில் பழைய விலைக்கு மாணவர் கைக்கு வருவன. வாங்குமுன் ஐபோனில் எடுத்த வீடியோ ஒன்றைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்க. படம் ஓடுகிறதா என்பதோடு, விசிறி இரைகிறதா என்றும் செவிசாய்க்க.