யாழ்ப்பாண நாளிதழ்களின் மரண அறிவித்தல்: ஊரும் உறவும் உள்ளூராட்சியும்

1. முன்னுரை

நாளிதழ் மொழியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் தலைப்பு, செய்தி, ஆசிரியவுரை ஆகியவற்றையே தரவாகக் கொண்டுள்ளனர். கட்டணம் பெற்று வெளியிடப்பெறும் அறிவித்தல்கள் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. ஆனால் ஒரு சிறுநகரத்தின் சமூக வாழ்வும் உள்ளூர் அரசியலும் மொழியில் எவ்வாறு பதிவாகின்றன என்பதை அறிய இவை சிறந்த தரவாகும். யாழ்ப்பாண நாளிதழ்களில் வெளிவரும் மரண அறிவித்தலின் மொழியமைப்பையும், அதனை மொழிபெயர்ப்பதில் எழும் சில சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

2. நகரும் இதழும்

யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபைத் தகுதி பெற்றது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 88 ஆயிரம் பேரே. எனினும் இந்நகரின் இதழியல் மரபு நீண்டது. உதயதாரகை 1841இல் இங்கிருந்து வெளிவந்தது. 1959இல் தொடங்கப்பெற்ற ஈழநாடு, கொழும்பை எதிர்பாராது வட பகுதிக்கெனவே நடத்தப்பெற்ற இதழாகும். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அவ்விதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1985இல் தோன்றிய உதயன் போர்க்காலம் முழுவதும் வெளிவந்தது. 2006 மே 2ஆம் நாள் அதன் அலுவலகத்தில் நடந்த தாக்குதலில் பணியாளர் இருவர் உயிரிழந்தனர்.

ஊர்தோறும் அமைந்த சனசமூக நிலையங்கள் இவ்விதழ்களைப் பொதுவில் வைத்துப் படிக்கும் இடங்களாக விளங்கின. போக்குவரத்தும் அஞ்சலும் தடைப்பட்ட காலங்களில், யார் இறந்தார், அவருடைய பிள்ளைகள் எங்குள்ளனர் என்பதை ஊரார் அறிய அறிவித்தற் பக்கம் உதவியது.

3. வாய்பாட்டின் அமைப்பு

மரண அறிவித்தல் பெரும்பாலும் பின்வரும் வாய்பாட்டைப் பின்பற்றுகிறது:

'இவ்வூரைப் பிறப்பிடமாகவும், இவ்வூரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாள் காலமானார். அன்னார், காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னோரின் அன்புத் தந்தையும், இன்னோரின் மைத்துனரும் ஆவார்.'

இதனைத் தொடர்ந்து இறுதிக் கிரியைகள் நடைபெறும் இடமும் நேரமும் தரப்பெறும். 'இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்னும் தொடரோடு அறிவித்தல் முடியும்.

இங்கு மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. ஒன்று, எத்தனை உறவுகள் வரினும் அவை 'உம்' இடைச்சொல்லால் அடுக்கப்பட்டு 'ஆவார்' என்னும் ஒரே பயனிலையில் முடிகின்றன. இரண்டு, 'அன்னார்' என்னும் சுட்டு இவ்வகைமையில் ஏறத்தாழ இறந்தோருக்கே உரியதாகிவிட்டது. மூன்று, இறப்பைக் குறிக்கும் வினையும் இறுதி இடத்தைக் குறிக்கும் பெயரும் சமயத்தை உணர்த்துகின்றன. 'சிவபதமடைந்தார்' எனின் சைவர் என்பதும், உடல் 'சேமக்காலை'க்கு எடுத்துச் செல்லப்படும் எனின் கிறித்தவர் என்பதும் வேறு குறிப்பின்றியே பெறப்படும்.

4. உறவுப்பெயரும் பொருள்மயக்கமும்

மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படும் முதலிடம் 'காலஞ்சென்ற' என்னும் அடையாகும். 'காலஞ்சென்றவர்களான அ, ஆ தம்பதிகளின் மகன்' எனின் தாய் தந்தை இருவரும் இறந்தவர்கள். 'காலஞ்சென்ற அ, ஆ தம்பதிகளின் மகன்' எனின் தந்தை மட்டுமே இறந்தவர். தாய் உயிருடன் இருக்கிறார். பன்மை விகுதி ஒன்றே இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. மரபுரிமை அல்லது குடிவரவு தொடர்பான ஆவணங்களுக்காக அறிவித்தலை மொழிபெயர்க்க நேரும்போது இவ்விகுதியைக் கவனியாது விட்டால், உயிருடன் இருப்பவர் இறந்தவராகிவிடுவார்.

அடுத்தது 'பேரன்'. தமிழகத்து எழுத்து வழக்கில் இச்சொல் மகனின் அல்லது மகளின் மகனையே பெரும்பாலும் குறிக்கும். யாழ்ப்பாண வழக்கிலோ பாட்டனையும் குறிக்கும். 'அ, ஆ, இ ஆகியோரின் பாசமிகு பேரனும்' என முதியவர் ஒருவரின் அறிவித்தலில் வந்தால் அவர் அம்மூவருக்கும் பாட்டனார் என்பதே பொருள். தொடர்ந்து 'பூட்டனும்' என வருவது இதனை உறுதிசெய்யும். தந்தை, மாமனார், பேரன், பூட்டன் எனத் தலைமுறை இறங்கும் வரிசையே இங்குப் பொருளைத் தெளிவாக்குகிறது. ஆதலின் மொழிபெயர்ப்பில் இவ்வரிசையை மாற்றலாகாது.

5. உள்ளூராட்சிச் சொற்கள்

'புங்குடுதீவு 5ஆம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட' என்பது போன்ற தொடரில் 'வட்டாரம்' என்பது உள்ளூராட்சித் தேர்தலுக்கென எண்ணிட்டு வகுக்கப்பட்ட பிரிவைக் குறிக்கும். தமிழகத்தில் இதற்கு ஈடான சொல் 'வார்டு'. தமிழகத்து 'வட்டார வழக்கு', 'வட்டார வளர்ச்சி அலுவலர்' ஆகிய தொடர்களில் அச்சொல் பெறும் பொருள் இதனின் வேறானது.

இச்சொல்லின் நிலைபேறு கருதத்தக்கது. பழைய கிராம சபைகள் மறைந்து, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாயின. யாழ்ப்பாணத்தில் 1983இற்குப் பின் 1998இல்தான் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே மாநகர முதல்வர்களான சரோஜினி யோகேஸ்வரனும் அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலனும் கொல்லப்பட்டனர். 1991இல் தீவுப் பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். சபைகள் இயங்காத காலத்திலும், ஊரில் ஆளில்லாத காலத்திலும், பிற நாடுகளில் இறந்தோரின் அறிவித்தல்களில் வட்டார எண் தவறாது இடம்பெற்றது. ஆட்சிப் பிரிவாகத் தோன்றிய சொல் பிறப்பிடத்தின் அடையாளமாக மாறிவிட்டது எனலாம்.

இறந்தவரின் பொதுப்பணியைச் சுட்டும் சொற்களும் இத்தகையனவே. 'சமாதான நீதவான்', 'சனசமூக நிலையத் தலைவர்', 'பிரதேச சபைத் தவிசாளர்' ஆகியவற்றுக்குத் தமிழக வழக்கில் நேரான சொற்கள் இல்லை. 'முதல்வர்' என்பதோ இரு வழக்கிலும் உண்டு, பொருள் வேறு. தமிழக இதழ்களில் அது மாநில அரசின் தலைவரைக் குறிக்கும். யாழ்ப்பாண இதழ்களில் மாநகர சபையின் தலைவரைக் குறிக்கும். 2013இல் வட மாகாண சபை அமைந்தபோது அதன் தலைவர் 'முதலமைச்சர்' என வழங்கப்பெற்றார். இருவரையும் இச்சொற்களே பிரித்துக் காட்டின. தில்லியிலோ சென்னையிலோ இருந்து மொழிபெயர்ப்பவர் 'முன்னாள் முதல்வர்' என்பதைத் தம் வழக்கின்படி கொண்டால் நகரத் தலைவர் ஒருவர் மாநிலத் தலைவராகிவிடுவார்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படுகின்றன. பிறப்பிடம், வதிவிடம் ஆகியவற்றின் வரிசையைக் காத்தல் வேண்டும். அது ஒருவரின் இடப்பெயர்வு வரலாறாகும். வட்டார எண்ணை விலக்கலாகாது. 'காலஞ்சென்ற' என்னும் அடை யாரைத் தழுவுகிறது என்பதை ஒவ்வோர் இடத்திலும் வெளிப்படையாக்குதல் வேண்டும். நீண்ட வாக்கியத்தைப் பெறுமொழிக்கு ஏற்பப் பிரிக்கலாம். உறவுகளின் அடுக்கைச் சுருக்கலாகாது. ஊர்ப் பதிவுகள் பல அழிந்துபோன ஒரு சமூகத்தில், இன்னார் இன்னாரின் மகன், இன்ன வட்டாரத்தவர் என அச்சில் எஞ்சியுள்ள ஒரே சான்று சிலருக்கு இவ்வறிவித்தலாகவே இருத்தல் கூடும்.